சீர்த்தட்டில் வந்த வீடியோ கேம்

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். சாம்பல் நிறப் பெட்டி, சோப்புக்கட்டி அளவில் இரண்டு கைப்பிடி, சுருண்டு கிடக்கும் கறுப்பு ஒயர். யார் யார் வீட்டில் இது இருந்தது, கை தூக்குங்கள் என்று கீழே ஒரு கேள்வி. உடனே ஆளாளுக்கு இதயமாய்க் கொட்டினீர்கள். ஒருத்தி அழுகிற பொம்மைகூடப் போட்டாள். தலைக்குச் சாயம் பூசுகிற இந்த வயசில் எனக்கு முகம் குப்பென்று சூடாகிவிட்டது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் பருப்பு கழுவினேன்.

எங்கள் வீட்டிலும் இருந்தது. அதனால்தான் கை தூக்கவில்லை. குழுவில் எழுதினால் மறுபடியும் பொம்மை போடுவீர்கள், எனக்குக் கோபம் வரும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நாம் ஏழாவது முடித்த கோடை. திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஏரிப் பக்கம் அவர் பங்குக்கு இருந்த நிலத்தை மனை போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் கலர் டிவி வாங்கியிருந்தார். எங்களோடு சின்ன அத்தையும் இருந்தாள். நைனாவின் கடைசித் தங்கை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பாள். அவர்கள் எல்லோருக்கும் மூத்தவள் பெரிய அத்தை. அயனம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அந்தக் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கலர் டிவி வந்த அன்று பெரிய அத்தை வந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை டிவியைப் பார்த்து, "இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். அன்றைக்கே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அது அயனம்பாக்கம் போய்விட்டது. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, நாலு கால். அது போனதில் எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். அந்த டிவியில் படம் அடிக்கடி கீழிருந்து மேலாக உருள ஆரம்பித்துவிடும். பின்பக்கம் கையை விட்டு ஒரு சின்னத் திருகைப் பதமாகத் திருப்பினால் நிற்கும். வீட்டில் அது என் வேலை. என் கைதான் அந்தச் சந்தில் நுழையும். நைனா முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம், ஆங், வுடு, வுடு" என்பார். சூடான தூசி வாசனை அடிக்கும். திருகு விரலுக்குக் கதகதப்பாக இருக்கும்.

இனி மாமா. அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷக்கணக்கில் காணாமல் போய், ஒருநாள் வாசலில் வந்து நிற்பார். மேலே வெளிநாட்டு சோப்பு வாசனையும், அதற்கு அடியில் டீசல் வாசனையும் வரும். வந்ததும் எங்கள் அடுப்படியைப் பிடித்துக்கொள்வார். அம்மா விருந்தாளி போலத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மாமா இருக்கிற நாட்களில் சின்ன அத்தை கம்பெனியில் இருந்து வந்ததும் நேராக அடுப்படி வாசலுக்குத்தான் போவாள். கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"இன்னா இது, உப்பே பத்தல."

"கப்பல்ல எல்லாரும் நல்லாத்தான் கீதுன்றாங்க."

"கடல் மேல குந்திகினு கீறவங்களுக்கு உப்பு எங்க தெரியப் போவுது?"

மாமா திரும்பாமல் சிரிப்பார். அவர் காது மடல் சிவந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். சின்ன அத்தையைத் தன் தம்பிக்கு எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. அம்மா ஒருமுறை பெரிய அத்தையிடம் லேசாக வாய் திறந்தபோது, அவள் முடியாது என்று சொல்லவில்லை. "உன் பொண்ணு குந்தறப்ப தாய்மாமன் சீர் கொண்டாருவான் இல்ல? சபைல எப்டி நிக்கறான்னு பாக்கறேன். அப்பறம் பேசலாம்" என்றாள்.

நான் அந்தக் கோடையிலேயே குந்திவிட்டேன், அதாவது வயசுக்கு வந்துவிட்டேன்.

உங்களில் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சத்தமில்லாமல் வீட்டோடு முடிந்திருக்கும். எங்கள் பக்கம் அப்படி இல்லை. குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். இன்ன வீட்டுப் பெண்ணுக்கு இன்று மஞ்சள் நீராட்டு, அனைவரும் வருக என்று மைக்கில் சொல்வார்கள். பால் ஊற்றுகிறவர், டியூஷன் மாஸ்டர், என்னோடு சைக்கிள் ஓட்டிய பையன்கள், எல்லோருக்கும் என் உடம்பில் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. மாமா வெட்டி வந்து கட்டிய பச்சை ஓலைக்குள் தனித் தட்டு, தனி டம்ளரோடு இருந்தேன். உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் தொண்டைக்குள் இறங்காது. ஓலை வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. பிராணனே போகிற மாதிரி கூச்சம். யாரிடம் போய்ச் சொல்ல?

சடங்கன்று தண்ணீர் ஊற்றி, பட்டுப்புடவை சுற்றி, முகமெல்லாம் மஞ்சள் பூசி, பந்தலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இருந்து மேளத்தோடு சீர் வந்தது. பெண்கள் தலையில் பழத்தட்டு, வளையல் தட்டு, புடவைத் தட்டு. கடைசியில் மாமா. புதுச் சட்டையின் மடிப்புக்கூட கலையவில்லை. பெரிய பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். தட்டில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்கு ஒரு மாலை. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். யாரோ அவன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டிருந்தார்கள்.

சீரைப் பிரித்துச் சபைக்குக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். புடவையென்றால் மடிப்பை உதறி நீளம் காட்ட வேண்டும். பாத்திரமென்றால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். பெரிய அத்தைதான் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெட்டியின் முறை வந்தது.

"இன்னா தம்பி இது, ரேடியோவா?"

"வீடியோ கேமுக்கா. டிவில மாட்டி ஆடறது. அமெரிக்கால வாங்கனேன். பாப்பா லீவுல ஆடும்."

"அப்ப மாட்டிக் காட்டு. சபைல எல்லாரும் கீறாங்க இல்ல?"

மாமா அதற்குத்தான் காத்திருந்தது போல எழுந்தார். ஹாலில் இருந்த கலர் டிவியைத் தூக்கி வந்து பந்தலில் பெஞ்சு மேல் வைத்தார்கள். மாமா பையில் இருந்து ஒரு கனமான இரும்புப் பெட்டியை எடுத்தார். ஸ்டெப் டவுன். "அங்க கரண்டு பாதிதான் மாமா. இத்த நடுவுல வெக்காம சொருவினா பொகைஞ்சு பூடும். எல்லாம் விசாரிச்சுகினுதான் வந்தேன்" என்று நைனாவிடம் சொன்னார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அமெரிக்காவுக்கும் நமக்கும் கரண்டு ஒன்றுதான் வித்தியாசம் என்று அவர் நம்பிவிட்டார்.

மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் டிவிக்குப் பின்னால் சொருகினார். ஸ்டெப் டவுன் உறும ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டதும் டிவியில் இருந்து ஒரு குஷியான பாட்டு வந்தது. டிங்கு டிங்கென்று துள்ளுகிற பாட்டு. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

பிறகு படம் வந்தது. கலர் இல்லை. சாம்பலாக எதுவோ ஒன்று கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. அதுவும் மேலே போனது. மறுபடியும் வந்தது. நிற்கவே இல்லை.

மாமா ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். கேம் கேசட்டை வெளியே எடுத்து வாயால் ஊதினார். துண்டால் துடைத்தார். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டு மட்டும் பழுதில்லாமல் முதலில் இருந்து ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கர் செட்டுக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

பெரிய அத்தைக்கு நாக்கில் சனி. "கப்பல்லயே கீறவன் இல்ல, அதான் படமும் ஆடிகினு கீது" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அது போதாதென்று, "அமெரிக்கால பழைய சாமான் கட கீதா தம்பி?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

"இல்லக்கா, புதுசுதான். கடைல போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் ஓடிச்சு."

"கடைல நல்லாத்தான் ஓடும். ஊட்டுக்கு வந்தப்பறம்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உருளலைப் பார்த்த உடனே என் விரல் அந்தப் பழைய திருகைத் தேடியது. ஆனால் கலர் டிவியின் பின்னால் திருகு எதுவும் கிடையாது, எல்லாம் ரிமோட். பக்கத்தில் நின்ற அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "அம்மா, அதுக்குத் திருகு வேணும்மா." அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. "வாய மூடுடி. இன்னிக்காவது லட்சணமா குந்து" என்றாள் பல்லுக்குள்.

கடைசியில் நைனா எழுந்தார். "போதும் மச்சான். மூடி வெச்சிடு. நல்ல நாளும் அதுவுமா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மாமா தலையைக் குனிந்துகொண்டு அந்த ஒயரை மெதுவாக, அளவாக, வளையம் வளையமாகச் சுற்றினார். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, சுற்றி முடிக்கவே மனசில்லாதவர் மாதிரி சுற்றினார். முடித்தால் நிமிர வேண்டுமே. சின்ன அத்தை ஆரத்தித் தட்டோடு என் பக்கத்தில் நின்றாள். கற்பூரம் எரிந்து அணைந்துவிட்டதைக் கவனிக்காமல் நின்றாள்.

மறுநாள் காலையில் மாமா கிளம்பிவிட்டார். கப்பலில் கூப்பிட்டார்கள் என்றார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைக்காரர்கள் யாராக இருந்தாலும் பெட்டியைப் பார்த்ததுமே விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். ஊர் ஊராகச் சுற்றிய மாமாவுக்கு, போய்க் கேட்கக் கேவலமாக இருந்தது. அம்மாவுக்கோ டிவி மெக்கானிக்கைக் கூப்பிடக் கேவலம், கூப்பிட்டால் தெரு முழுக்கத் தெரியும். நைனாவுக்கு அந்தப் பேச்சை எடுக்கவே கேவலம். எனக்கு வீட்டை விட்டு வெளியே வரவே கேவலம். பெட்டி பீரோ மேல் ஒரு பழைய புடவைக்குள் போய்விட்டது. தாய்வீட்டுச் சீரே ஊத்திக்கிச்சாமே என்று குழாயடியில் யாரோ கேட்டார்கள் என்று அம்மா ஒருநாள் தண்ணீர் பிடிக்காமலே வெறும் குடத்தோடு திரும்பி வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் மறுபடியும் திருகைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை கேட்டாள்.

"அந்த டிவி அத்த ஊட்லல்ல கீது."

"ஒருநாளைக்கு வாங்கினு வாம்மா. எனக்குத் திருப்பத் தெரியும்."

அம்மா யோசித்தாள். பெரிய அத்தையிடம் போய், கொடுத்த டிவியைத் திருப்பிக் கேட்பதா? ஆனால் அம்மாவுக்குள் ஒரு வைராக்கியம் புகுந்துவிட்டது. எதற்கும் அவசரப்படாத பொம்பளை, அந்த ஒரு விஷயத்தில் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டாள். ஆடி மாசம் பெரிய அத்தை வீட்டில் கூழ் ஊற்றும்போது போய், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, "அண்ணி, உங்க டிவிய ஒருநாளைக்குக் குடுங்க. என் தம்பி கொண்டாந்தது ஓட்டப் பொருள் இல்லன்னு காட்றேன்" என்று கேட்டாள்.

பெரிய அத்தை அசந்துபோனாள். "இன்னும் அத்தயே நெனச்சிகினு கீறியா நீ? அது நான் சும்மா தமாசுக்குச் சொன்னதும்மே" என்றாள்.

"தமாசோ இன்னாவோ. வந்து பாருங்க."

பெரிய அத்தை வந்தாள். மீன்பாடி வண்டியில் டிவியைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறி உட்கார்ந்து, ஏரிக்கரையோரமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். தெருவே பார்த்தது.

பழைய டிவியில் மஞ்சள் ஒயர் சொருக இடமில்லை. ஆன்டெனா ஒயரைத்தான் மாட்ட வேண்டும். அதற்கென்று பெட்டிக்குள் ஒரு குட்டி டப்பா இருந்தது. நைனா அதை மாட்டி, சேனல் திருகை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் புள்ளி மழைக்குள் இருந்து ஏதோ வந்தது. உருண்டது. நான் பின்னால் கையை விட்டேன். அதே தூசி வாசனை. "இன்னும் கொஞ்சம்" என்றார் நைனா. "ஆங். வுடு!"

படம் நின்றது. கறுப்பு வெள்ளைதான். ஆனால் கல் மாதிரி நின்றது. ஒரு குட்டிப் பையன், ஒரு சுவர், மரம் மரமாகப் பழம். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் சத்தம் இல்லை. உஸ்ஸென்று இரைச்சல் மட்டும்தான். "இன்னாம்மே, ஊமப் படமா?" என்றாள் பெரிய அத்தை. நைனா எவ்வளவோ திருகிப் பார்த்தார், வரவில்லை. அப்போது சின்ன அத்தைதான் சொன்னாள், "அண்ணே, கலர் டிவில பாட்டு வந்துச்சு இல்ல? அத்தயும் பக்கத்துல வெச்சிப் பாரேன்." அப்படியே செய்தோம். இரண்டு டிவியையும் ஒட்டி வைத்து, மஞ்சளும் சிவப்பும் அதில், ஆன்டெனா இதில். கலர் டிவியில் இருந்து பாட்டு வந்தது. கூடவே உருளுகிற படமும் வந்து கண்ணைப் பறித்தது. மஞ்சளை மட்டும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "எதையும் புடுங்காத, வந்த சத்தமும் பூடப் போவுது" என்று நைனா அலறினார். அம்மா போய் அவருடைய துண்டைக் கொண்டுவந்து கலர் டிவியின் முகத்தில் தொங்கவிட்டாள். ஆக, எங்கள் வீட்டில் பழைய டிவியில் படம் பார்த்து, முகம் மூடிய புது டிவியில் சத்தம் கேட்டோம்.

சின்ன அத்தைதான் முதலில் ஆடினாள். அந்த ஆட்டத்தில் ஒரு கலர் பழம் நல்லது, இன்னொரு கலர் விஷம். எங்களுக்கு எல்லாப் பழமும் ஒரே சாம்பல். ஆசையாகத் தாவித் தாவிப் போய் ஒரு பழத்தை எடுப்பாள், பையன் செத்து விழுவான். துண்டுக்குப் பின்னால் இருந்து ஓர் ஒப்பாரி மெட்டு வரும். நைனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா சிரித்தாள். சடங்குக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

"பாத்தீங்களா அண்ணி? பொருள் நல்ல பொருள்தான்" என்றாள் அம்மா.

"சரிம்மே, ஒத்துக்கறேன். நல்ல பொருள்தான்." பெரிய அத்தை வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். "ஒரு பொட்டிய ஓட்டவே ரெண்டு டிவி கேக்கறான் உன் தம்பி. குடும்பத்த ஓட்ட இன்னா கேப்பானோ?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள், பூந்தமல்லியில் இருந்து ஓர் இடம் வந்திருப்பதாகவும், பையனுக்கு மின்வாரியத்தில் வேலை என்றும், ஆடி முடிந்ததும் பார்க்க வருகிறார்கள் என்றும் பெரிய அத்தை அதே மூச்சில் சொல்லிவிட்டாள். சின்ன அத்தை கைப்பிடியைத் தரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். டிவியில் பையன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். பாட்டு மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் கல்யாணம். மாமா அப்போது எந்தக் கடலில் இருந்தாரோ. திரும்பி வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்ல எடமாக்கா? சந்தோஷம்" என்றார். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் கொண்டுவந்ததெல்லாம் துணிதான். என் கல்யாணச் சீருக்கும் துணி. "துணியா எடுத்துட்டேங்க்கா. இத்தச் சொருவிக் காட்டத் தேவல்ல" என்று அம்மாவிடம் சொன்னதை நான் அலங்காரத்தோடு உட்கார்ந்தபடி கேட்டேன். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பல்காரனுக்கு எதற்கு என்பார். அம்மா இறந்து, அடுத்து அவரும் போய்விட்டார். அந்தக் கேம் பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. கைப்பிடி ஒன்றை, அப்போது சின்னவனாக இருந்த என் தம்பி கழற்றிப் போட்டது நினைவிருக்கிறது. ஸ்டெப் டவுன் மட்டும் வெகுநாள் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.

நீங்கள் போட்ட படத்தை என் மகனிடம் காட்டினேன். சாஃப்ட்வேர் வேலை செய்கிறான். இப்படிப் பழைய ஆட்டப் பெட்டிகளை ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று தேடி வாங்கி அடுக்கி வைக்கிற பைத்தியம். நடந்ததைச் சொன்னேன். முழுதாகக்கூடக் கேட்கவில்லை. "உடஞ்சதெல்லாம் இல்லம்மா. அமெரிக்காப் பெட்டி நொடிக்கு அறுபது தடவ படம் அனுப்பும். நம்ம ஊரு டிவி அம்பதுதான் எதிர்பார்க்கும். அதான் உருளும். கலர் அனுப்பற முறையும் வேற, சத்தம் வர்ற எடமும் வேற. இப்ப இதுக்குன்னே சின்ன டப்பா விக்கறாங்க" என்று மேசையில் இருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்றைக்குச் சிரித்த ஒவ்வொருத்தரையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யார் இருக்கிறார்கள்? பெரிய அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மேல் இருந்த கோபத்தில் அவள் சாவுக்குப் போய் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தவள் நான். சின்ன அத்தை இருக்கிறாள். வானகரத்தில் மகன் வீட்டில், ஃப்ளாட்டில். ஆட்டோ பிடித்துப் போனேன்.

அறுபது, ஐம்பது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"மாமா ஏமாறலத்த. பொருள் நல்ல பொருள். இது தெரியாம எல்லாரும் சேந்து அவர..."

"படம் உருண்டா இன்னாடி, நின்னா இன்னா?" என்றாள். "நான் இன்னா டிவியவா கட்டிக்கப் போறேன்னேன்? அன்னிக்கே, சடங்கு முடிஞ்சு பாத்திரம் தேய்க்கும்போது உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அண்ணி, எனக்குச் சம்மதம், உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க, பெரியக்காவ ஒரு வார்த்த கேட்டுடுங்கன்னு. நானே போயா கேக்க முடியும்?"

என்ன சொல்கிறாள் என்றே எனக்கு முதலில் புரியவில்லை.

"அம்மா கேட்டாங்களா?"

"எங்க கேட்டா? இப்பத் தலகுனிஞ்சிகினு வந்து பொண்ணு கேக்க மாட்டேன், மொதல்ல அது நல்லா கீதுன்னு எல்லார் எதுர்லயும் காட்டறேன், அப்பறம் கேக்கறேன்னா. சொன்னா கேக்கல. பெரியக்காவுக்கு வாய்தான்டி அப்டி. கேட்டிருந்தா குடுத்திருப்பா. யாரும் கேக்காமப் போவத்தான் பூந்தமல்லிக்காரங்க வந்தாங்க."

"இது எனக்குத் தெரியவே தெரியாதே அத்த" என்றேன். "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தகூடச் சொன்னதில்ல."

"எப்டிச் சொல்லுவா? அவளுக்கும் கேவலமாத்தான இருந்திருக்கும்."

கீரைத் தண்டை ஒடித்து ஒடித்துத் தட்டில் போட்டாள். நான் கொண்டுபோன அறுபதும் ஐம்பதும் எனக்கே அசிங்கமாக இருந்தன. இத்தனை வருஷம் யார் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கீரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "உங்க மாமாவுக்கு அது தெரியுமாடி? நான் சம்மதம்னு சொன்னது?"

"தெரியும் அத்த" என்றேன். "அம்மா பின்னாடி சொல்லிட்டாங்களாம். மாமாவே எங்கிட்ட ஒருதரம் சொன்னாரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இது எனக்குத் தெரியவே தெரியாது என்று சற்று முன்புதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது. "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கீரையைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.